ஒன்பது மில்லிமீட்டர்

எங்கள் வீட்டிலிருந்து ஆலயம் வரை ஐந்து வேகத்தடைகள் இருக்கின்றன. இரும்புலியூரில் நாங்கள் குடியேறியபோது ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தடையில் வண்டி ஏறி இறங்கியபோது என் மனைவியின் காலடியில் எங்கிருந்தோ ஒரு முனகல் கேட்டது. அடுத்த ஞாயிறு மூன்றிலும் நான்கிலும் கேட்டது. மார்ச் பிறந்ததும் ஐந்திலுமே கேட்டது. போக ஐந்து, வர ஐந்து. ஓர் ஆராதனைக்குப் பத்து முனகல்.

"பிரசங்கம் ஏதாவது காதுல விழுந்துதா, இல்ல இதையே எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

பிரசங்கம் இருபத்தாறு நிமிடம். அதையும் சொன்னேன்.

எங்கள் வண்டி ஒரு பழைய பிக்கப். முன்னால் ஜீப்பின் முகம், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. வயது ஐம்பத்தொன்று. எங்கள் கல்யாணத்தைவிட இரண்டு வயது மூத்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் வாங்கினேன். வாங்கிப் பதினேழு வருடமாகிறது. முப்பத்து நான்கு வருடம் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் மற்றவர்கள் கட்டப்போகும் பாலங்களை வரைந்துகொண்டிருந்தவனுக்கு, கையால் தொட்டுப் பார்க்க இரும்பில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு நியாயம் அப்போது இல்லை. விற்றவர் அதில் தேங்காய் ஏற்றியதாகச் சொன்னார். நம்பினேன்.

நியாயம் போன வருடம்தான் கிடைத்தது. என் மனைவிக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை செய்தார்கள். தாழ்வாக எதிலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே எழக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இருந்த இருக்கைகள் எல்லாவற்றையும் அளந்தேன். பதினொன்று. ஒன்றும் தேறவில்லை. ஆட்டோவில் குனிந்து நுழைய வேண்டும். வாடகைக் கார்களின் இருக்கை குழி மாதிரி. பிக்கப்பின் இருக்கை தரையிலிருந்து எழுபத்தொன்பது சென்டிமீட்டர். பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு மரப்படி செய்து வைத்தேன். அவள் அதில் ஏறி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வாள். குனிய வேண்டாம், மடங்க வேண்டாம்.

அதன்பிறகு அவள் வெளியே போனது எல்லாம் அந்த வண்டியில்தான். வெளியே போகாத நாட்களிலும் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் கைத்தடியோடு வாசல் கூரையடிக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பட்டாணி உரிப்பது, செய்தித்தாள், வேதபாடம், தங்கையோடு தொலைபேசியில் பேச்சு, எல்லாம் அங்கேதான். தபால்காரர்கூட வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் கடிதத்தை நீட்டுவார்.

முனகல் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட்டதற்கு இன்னொரு காரணம் குருத்தோலை ஞாயிறு. ஒவ்வொரு வருடமும் அன்று காலை எங்கள் சபையார் கையில் குருத்தோலையோடு தெருக்களில் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். என் மனைவி பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள். நாற்பத்தொரு வருடம் தவறாமல் நடந்தாள். போன வருடம் அறுவை சிகிச்சை முடிந்து பதினைந்தாம் நாள் குருத்தோலை ஞாயிறு வந்தது. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். பாட்டு தெருமுனையில் தொடங்கி, ஜன்னலுக்குக் கீழே பெரிதாகி, பிறகு ரயில் பாதை பக்கமாகக் குறைந்துகொண்டே போனது. மூன்று சரணம் நேரம். பக்கத்து வீட்டம்மாள் கொண்டுவந்து கொடுத்த ஓலைச் சிலுவையை அவள் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் என்ன செய்வது என்று நான் சக்கர நாற்காலியைச் சொல்லிப் பார்த்தேன்.

"தள்ளிட்டுப் போற வண்டில நான் வரமாட்டேன். ஓடுற வண்டில வர்றேன். ஊர்வலத்துக்குக் கடைசில நம்ம வண்டி மெதுவா வரட்டும். ஆயர்கிட்ட பேசிட்டேன்" என்றாள்.

என்னிடம் பேசாமலே ஆயரிடம் பேசியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆகவே வண்டியின் சேசிஸை நானே சோதிப்பது என்று முடிவு செய்தேன். சேசிஸ் என்பது வண்டியின் எல்லா எடையையும் தாங்கும் இரும்புச் சட்டம். இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே ஐந்து குறுக்குச் சட்டங்கள். ஏணியைத் தரையில் படுக்கவைத்தது போலிருக்கும். அந்த ஏணி முறுக்கிக்கொண்டிருந்தால் வண்டி முனகும் என்பது என் கணிப்பு. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப், தூக்குக்குண்டு, எஃகு அளவுகோல் மூன்றையும் எடுத்துக்கொண்டு தரையில் சாக்கு விரித்துப் படுத்தேன். எங்கள் வாசல் தரை மழைநீர் வடியச் சாய்த்துப் போட்டது. அந்தச் சாய்வைத் தண்ணீர் டியூப்பை வைத்துக் கழித்துவிட்டேன். நான்கு டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஜாக்கியையும் மாற்றுச் சக்கரத்தையும் இறக்கி வைத்தேன். டேஷ்போர்டு பெட்டியிலிருந்த நான்கு ஸ்பேனர்களைக்கூட எடுத்துவிட்டேன்.

நான் கீழேயிருந்து அளவைச் சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"இடது முன், நானூற்றுப் பன்னிரண்டு."

"எழுதியாச்சு."

"வலது முன், நானூற்று இருபத்து மூன்று."

"இருபத்து மூணு. என்னங்க, பதினொண்ணு வித்தியாசம் வருது."

வந்தது. மறுநாள் மறுபடி அளந்தேன். பதினொன்று. மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறும் முன், இரும்பு சூட்டில் விரிவதற்குள் அளந்தேன். பதினொன்று. மூன்று முறையும் ஒரே அளவு வந்தால் அது பிழை அல்ல என்று அலுவலகத்தில் எங்களுக்கு மேலே இருந்தவர்கள் சொல்வார்கள். இடது முன் மூலை பதினொரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, சேசிஸ் முறுக்கியிருக்கிறது. அவளுடைய அழகான கையெழுத்தில் இருந்த அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, பெருங்களத்தூர் போகும் வழியில் உள்தெரு ஒன்றில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் போனோம். அவளும் வந்தாள். வண்டி போகும் இடமெல்லாம் அவளும் வருவாள்.

பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் நான்கு பேர் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். இவருக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் வெல்டிங்குக்கு வந்தார். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். என் நோட்டை வாங்கித் தூரமாக நீட்டிப் பிடித்துப் படித்தார். பிறகு முன் டயர்கள் இரண்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், சேசிஸ் கோணலா கீதுன்ற. கோணலா இருந்தா டயரு ஒரு பக்கமா தேஞ்சிருக்கணும். இது சமமா கீதே."

"மூன்று முறை அளந்திருக்கிறேன்."

"நீ முப்பது தபா அள சார். டயரு பொய் சொல்லாது."

எனக்குக் கோபம் வந்தது. அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன் என்று தண்ணீர் டியூப்பை விரித்தேன். இந்த வயதில் பட்டறை மண்ணில் படுத்து எழுவது லேசு இல்லை. இடது முன், வலது முன். பதினொன்று. எழுந்து நின்று அளவுகோலை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

அவர் அளவுகோலைப் பார்க்கவில்லை. வண்டியின் கதவைப் பார்த்தார். முன் இருக்கையில் என் மனைவி, மடியில் நோட்டோடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சார், வூட்டாண்ட அளக்கசொல்ல அம்மா எங்க இருந்தாங்க?"

"வண்டியில். எழுதிக்கொண்டிருந்தாள்."

"மூணு தபாவுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். மரப்படியைப் போட்டோம். இறங்கி, தடியை ஊன்றி, பட்டறைத் தூணில் சாய்ந்து நின்றாள். மறுபடி படுத்து அளந்தேன். இடது முன் நானூற்று இருபது. வலது முன் நானூற்று இருபத்திரண்டு. இரண்டே மில்லிமீட்டர். ஐம்பது வருட வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை.

நான்கு ஸ்பேனர்களை எடுத்து வைத்தவன் அறுபத்தாறு கிலோ மனைவியை விட்டுவிட்டேன். அவள் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு வண்டியின் ஒரு பாகமாகவே ஆகிப்போயிருந்தது. எழுதியவளும் அவள்தான், அவளுக்கும் தோன்றவில்லை.

பட்டறைக்காரர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது.

"அப்ப நான் ஒன்பது மில்லிமீட்டர்" என்றாள் என் மனைவி. "பதினொண்ணுன்னு எழுதவச்சு என்னை எவ்வளவு கனமாக்கிட்டீங்க!"

"அம்மா, இனிமே டாக்டராண்ட போனா கிலோ சொல்லாதீங்க. மில்லிமீட்டர்ல சொல்லுங்க."

அவர்கள் இருவரும் சிரித்து முடிக்கும் வரை டியூப்பிலிருந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "முறுக்கு இல்லை, சரி. அப்படியானால் முனகல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்தக் கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை என்பதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். உள்ளே போய் ஒரு சிறிய சுத்தியலை எடுத்து வந்தார். வண்டிக்கடியில் படுத்து, இடது நீளச் சட்டத்தை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று மணி மாதிரி ஒலித்தது. எண்ணினேன். பதினான்காவது தட்டலில் டப் என்று ஒரு சத்தம். ஈர மரத்தைத் தட்டியது போல. அவர் நிறுத்தி, அதே இடத்தில் மறுபடி தட்டினார். டப்.

"சார், கொஞ்சம் டார்ச் அடி."

இரும்புத் தூரிகையால் தேய்த்தார். கருப்புப் பெயின்டும் மண்ணும் உதிர்ந்தன. உள்ளே ஒரு ஒட்டு இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள். தகட்டின் ஓரத்திலிருந்து ஒரு கோடு மேல்நோக்கி ஏறியிருந்தது. முதலில் முடி ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் நகத்தை அதில் வைத்து இழுத்தபோது நகம் உள்ளே இறங்கியது. விரிசல். அளந்தேன். ஏழு சென்டிமீட்டர். சட்டத்தின் மொத்த உயரமே பத்துதான்.

பழுப்பு நிறப் பொடியைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தவர், "இதுல இன்னா ஏத்திகினு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"தேங்காய்."

"தேங்காயா? எவன் சொன்னான்? மீனு சார். ஐஸு, உப்பு, அந்தத் தண்ணி பலகை இடுக்குல ஒழுகி ஒழுகி உள்ளருந்தே தின்னுகினு வந்துகீது. எங்க குப்பத்து வண்டியெல்லாம் இங்கதான் முதல்ல போகும். இதே இடம்."

விரிசல் இருந்த இடத்துக்கு நேர் மேலே என் மனைவியின் காலடி. அவளை ஏற்றிக்கொண்டு பத்துப் பத்தாக முனகலை எண்ணிக்கொண்டு நான் எத்தனை ஞாயிறு போய்வந்தேன் என்பது எனக்குத் தெரியும். ஏழு. மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மருத்துவமனைக்கு இரண்டு தடவை. மீதி மூன்று சென்டிமீட்டர் இரும்பின் மேல் அவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள். டார்ச்சை அணைத்தேன்.

"வேண்டாம். இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்று எழுந்தேன்.

"யாரைக் கேட்டு?" என்றாள் அவள், தூணில் சாய்ந்தபடி.

"உன் காலுக்குக் கீழே உடைந்திருக்கிறது. புரிகிறதா? உடைந்திருக்கிறது."

"எனக்கும்தான் இடுப்பு உடைஞ்சுது. பழைய இரும்புக்கா போட்டீங்க? புதுசா ஒரு இரும்பை உள்ள வச்சுத் தைச்சுதானே கூட்டிட்டு வந்தீங்க." என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினாள். "தம்பி, குருத்தோலை ஞாயித்துக்கு நான் இந்த வண்டில போகணும். முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் மறுபடி கீழே போனார். நீளச் சட்டம் இரண்டையும் கடைசிவரை தட்டினார். குறுக்குச் சட்டங்கள் ஐந்தையும் தட்டினார். நான் அறுபத்து மூன்று தட்டல் எண்ணினேன். வேறெங்கும் டப் என்று கேட்கவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு எடம்தான்மா கெட்டுகீது. மத்ததெல்லாம் நல்ல இரும்பு. இப்ப அந்த மாதிரி கனத்துல போடறதே இல்ல. சனிக்கெழம எடுத்துக்கோங்க. ஆனா அதுவரிக்கும் இது ரோட்டுல ஓடக் கூடாது. சாவி என்னாண்ட இருக்கட்டும்."

சாவியை அவர் அவளிடம்தான் கேட்டு வாங்கினார், என்னிடம் அல்ல.

அன்று வீட்டுக்குத் திரும்புவதே பெரிய பாடாக இருந்தது. பட்டறைக்காரர் தெரிந்த ஒருவரின் வேனை வரவழைத்தார். அதன் முன் இருக்கையில் என் மரப்படியின் உதவியால் அவள் ஏறினாள். உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த ஐந்து நாட்களும் நான் பேருந்தில் பட்டறைக்குப் போய்வந்தேன். அவள் வீட்டில் இருந்தாள். முதல் நாள் காலை சிற்றுண்டி முடிந்து பழக்கத்தில் வாசலுக்கு வந்துவிட்டாள். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, அளந்து பார்த்து, அதைக் கூரையடியில் கொண்டுவந்து வைத்தேன்.

"உயரம் சரியாக இருக்கிறதா?" என்றேன்.

"உயரம் சரிதான்" என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். "முன்னால கண்ணாடி இல்லையே."

பட்டறையில் பின் தொட்டியைக் கழற்றினார்கள். எட்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. பழைய ஒட்டை வெட்டி எடுத்தபோது உள்ளேயிருந்து துரு கட்டி கட்டியாகக் கொட்டியது. பெயின்ட் டப்பா மூடியில் அள்ளியபோது மூடி நிறைந்தது. உள்பக்கம் தேய்த்து, நல்ல இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை அவர் விடவில்லை. விரிசல் முடியும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே சிறிய துளை போட்டார். துளை வரை வந்த விரிசல் அதற்கு மேல் ஏறாது. பிறகு விரிசலை நெடுகக் கீறி அகலமாக்கி, வெல்டிங்கால் நிரப்பினார். விரலளவு நிரப்புவார், நிறுத்துவார், ஆறவிடுவார். அவர் ஆறவிடும் நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு தடவை நான்கு நிமிடம், ஒரு தடவை ஒன்பது. எப்படித் தீர்மானிக்கிறார் என்று கேட்டேன்.

"சூடு மூஞ்சில அடிக்குது பார், அது நின்னாதான் அடுத்தது."

அதை எந்த அலகில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டேன்.

விரிசலின் மேல் வைக்க வேண்டிய புதிய தகட்டுக்கு மட்டும் என்னை ஓர் அட்டை வெட்டித் தரச் சொன்னார். இரண்டு முனையும் நேராக இல்லாமல் சாய்வாக வர வேண்டும். நேராக வெட்டிய தகட்டின் ஓரத்தில்தான் பழைய விரிசலே தொடங்கியிருந்தது. பத்தொன்பது வருடம் கழித்து மறுபடி பென்சிலைச் சீவினேன். அவர் அட்டையை வைத்துப் பார்த்தார். துளிகூட வெட்டவேண்டி இருக்கவில்லை. "நல்லாகீது சார்" என்றார். அன்றைக்குப் பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தது எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

கடைசியாகச் சட்டத்தின் அடியில் இரண்டு துளை போட்டார், தண்ணீர் தேங்காமல் வடிய. பிறகு நாங்கள் இருவருமாகக் குறுக்களவு பார்த்தோம். ஒரு முன் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பின் மூலைக்கு ஒரு கயிறு, அடுத்ததிலிருந்து இன்னொரு கயிறு. இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது.

"முன்னால் எவ்வளவு இருந்தது?" என்றேன்.

"வெட்டறதுக்கு முன்ன கவுறு புடிச்சப்ப ரெண்டுன்னு நீதான சார் எழுதுன."

"ஒன்று கூடிவிட்டது."

"ஒரு மில்லிமீட்டருக்கு ஓசன்னா பாடமாட்டாங்களா?" என்றார். ஊர்வலம் ஒவ்வொரு வருடமும் ஓசன்னா பாடிக்கொண்டு அவர் பட்டறையைத் தாண்டித்தான் போகும். "சார், எத்தினி பேர் ஏறுவாங்கன்னு சொல்லு. தாங்குமான்னு காட்டறேன்."

"யாரும் ஏறமாட்டார்கள். நான், அவள். அவ்வளவுதான்."

ஆனாலும் தொட்டியைப் பூட்டியதும் அவர் அதில் ஏறி நின்று குதித்தார். நான் கீழே படுத்து, புதிய தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு குதி. வில் பட்டைகள் அமுங்கி எழுந்தன. தகட்டில் அசைவு இல்லை, சத்தம் இல்லை. சனிக்கிழமை மாலை அதை ஆலயம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது ஐந்து வேகத்தடையிலும் அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடிபடவில்லை. காது செவிடாகிவிட்டதோ என்று ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஆலயத்தின் முன் வண்டியை நிறுத்தினேன். என் மனைவி வெள்ளைப் புடவையில், கையில் குருத்தோலையோடு முன் இருக்கையில் இருந்தாள். ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நிற்கும் தோழி ஒருத்தி, முழங்கால் வீங்கியவள், ஜன்னலருகே வந்து நின்றாள்.

"அக்கா, பின்னால இடம் இருக்கே. நான் ஏறிக்கட்டுமா? பாதி தூரம்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "ஏறு" என்றாள்.

ஒருத்தி ஏறியதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். யாரோ ஆலயத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து தொட்டியில் போட்டார்கள். என் மரப்படி கைமாறிப் பின்னால் போனது. நான் கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று. நான்கு. ஐந்தாவதாகத் தொண்ணூறு வயது ஓய்வுபெற்ற ஆசிரியையை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஆறு.

"ஆறு பேர். முந்நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது" என்றேன் மெதுவாக.

"ஆறு பேருமே போன வருஷம் வீட்டுல இருந்தவங்க" என்றாள்.

அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. வண்டியை முதல் கியரில் எடுத்தேன்.

ஊர்வலத்துக்குக் கடைசியில் நடை வேகத்தில் போனோம். பின்னாலிருந்து ஆறு குரலும் பக்கத்திலிருந்து ஒரு ஆல்டோவும். முதல் வேகத்தடை வந்ததும் என்னால் முடியவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, முழங்காலில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். தகடு அப்படியே இருந்தது. பெயின்டில்கூடக் கீறல் இல்லை. பார்த்தது போதாதென்று பக்கவாட்டில் சாய்ந்து இன்னும் ஒருமுறை பார்த்தேன்.

"என்னங்க" என்று அவள் கூப்பிட்டாள். அதட்டலாக இல்லை. "பாட்டு போய்க்கிட்டே இருக்கு."

நிமிர்ந்தேன். ஊர்வலம் தெருமுனை திரும்பிவிட்டிருந்தது. வண்டியிலிருந்த ஏழு பேரும் பாடுவதை நிறுத்தியிருந்தார்கள். முன்னாலிருந்து வந்த பாட்டு ரயில் பாதை பக்கமாகக் குறைந்துகொண்டே போயிற்று. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். போன வருடம் கட்டில் பக்கத்தில் நின்று மூன்று சரணம் கேட்டிருக்கிறேன்.

ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். முதல் தடை, ஒன்றுமில்லை. தெருமுனை திரும்பி, இரண்டாவது கியருக்கு மாற்றி, கடைசி வரிசையில் நடந்த சிறுவர்களின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டோம். பின்னால் நாற்காலிகள் நகர்ந்து யாரோ "ஐயோ ஆண்டவரே, மெதுவா" என்று சிரித்தார்கள். இரண்டாவது தடை. மூன்றாவது.

ஊர்வலம் சுற்றிப்போகும் வழியில் நான்காவது தடை பட்டறைக்கு எதிரில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கதவு பூட்டியிருந்தது. ஆனால் பட்டறைக்காரர் லுங்கியோடு, கையில் தேநீர்க் குவளையோடு வாசலில் நின்றிருந்தார். வண்டியில் இருந்தவர்களை அவர் கண் ஓடி எண்ணியதைப் பார்த்தேன். நான் தலையை ஆட்டினேன். அவர் பதிலுக்கு ஆட்டவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, கழுத்தைச் சாய்த்து, என் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. பின்னாலிருந்தவர்கள் பாட்டை நிறுத்தவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் எழுந்து, உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டு, தேநீரை எடுத்தார்.

"என்ன சொன்னாரு?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒன்றும் சொல்லவில்லை."

"அப்ப சரி" என்று அவள் ஓலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினாள்.